எல்லாம் நல்லா இருக்குங்க, டொக்டர்

என் மாமனாரிடம் யாராவது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு "எப்படி?" என்று கேட்டுவிட்டால் போதும். உலகத்தில் குறை என்று ஒன்று இருந்த தடயமே இல்லாமல் துடைத்துவிடுவார். ஒரு மழைக்கு மண்மேடு சரிந்து எங்கள் வீட்டுப் பின்சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. விசாரிக்க வந்த கிராம சேவகர் எழுதுவதற்கு வசதியாக மேசையும் நாற்காலியும் போட்டுக் கொடுத்தோம். அதுதான் தவறு. மாமா கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் செருகிக்கொண்டு, "ஒரு கொறையும் இல்லீங்க சேர். நல்லா காத்தோட்டமா இருக்கு" என்றார். அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் தகரமும் சீமெந்தும் வந்தன. நாங்கள் காற்றோட்டமாக இருந்தோம்.

அவர் ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை. கொழுந்து எடுக்கிறவர்களுக்கு மேலே, பங்களாவில் இருக்கிற துரைக்குக் கீழே, நடுவில் நிற்கிற உத்தியோகம். துரை தேயிலை மலை பார்க்க வருகிற நாளில் முன்னால் நடந்து வழிகாட்டுவது கணக்கப்பிள்ளையின் வேலை. அவர் எந்தப் பாதையால் கூட்டிக்கொண்டு போகிறாரோ அந்தப் பாதையில் தெரிவதுதான் மலை. அதனால் பாதையோரத்துத் தேயிலை நிரைகள் மட்டும் களை பிடுங்கிக் கல்யாண வீட்டு வாசல் மாதிரி இருக்கும். உள்ளே மானாப்புல் ஆளுயரத்துக்கு நிற்கும்.

பட்டிப்பொலப் பக்கத்தில் அவர் வேலை செய்த காலத்தில் உறைபனி விழுந்து புதுக் கன்றுகள் அத்தனையும் தீய்ந்து போயினவாம். அந்த நேரம் பார்த்துத் துரை வந்து, "கன்றெல்லாம் எப்படி?" என்று கேட்டிருக்கிறார். "பெஸ்ட் சேர்" என்று சொல்லிவிட்டு மாமா பாதையைத் திருப்பி, ஆற்றோரம் நின்ற பெரிய யூகலிப்டஸ் மரம் ஒன்றைக் காட்டியிருக்கிறார். இந்தக் கதையை வெட்கமே இல்லாமல், பெருமையோடு சொல்வார்.

"தொர அந்த மரத்தையே அண்ணாந்து பாத்துக்கிட்டு நின்னாரு. சந்தோசமா ஜீப்ல ஏறிப் போனாரு."

"கன்னு என்னா ஆச்சு மாமா?"

"கன்னு செத்துச்சு. நான் என்னா சொன்னாலும் அது சாகத்தானே போகுது."

நான் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிறவள். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தேன். தேயிலைத் தொழிற்சாலைகளில் இருக்கிற தராசு, வெப்பமானி, ஈரப்பதம் பார்க்கிற கருவி எல்லாம் உண்மை பேசுகின்றனவா என்று பார்ப்பது என் வேலை. எந்தப் பாரத்தை வைத்தாலும் ஒரே எண்ணைக் காட்டுகிற தராசு ஒன்று வந்தால், அதைக் கழற்றி, துண்டு துண்டாகப் பரப்பி, எது எங்கே இறுகிக் கிடக்கிறது என்று தேடுவேன். மாமாவைக் கழற்ற வழியிருக்கவில்லை.

கணவர் கட்டாரில் இருந்தார். மாமி என் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். நோர்வூட் பக்கம் எங்கள் வீட்டில் மாமா, நான், என் மகள் மதுஷா, மூன்று பேர்தான். மதுஷாவுக்கு ஒரு வயது நிறைவதற்கு முன்பே வலிப்பு தொடங்கிவிட்டது. நடக்கப் பிந்தினாள், பேசப் பிந்தினாள். மூன்று வயதில் அவளிடம் ஒரு கைப்பிடிச் சொற்கள் இருந்தன: அம்மா, தாத்தா, பூன, தண்ணி, போ. கடுமையாக ஒரு வலிப்பு வந்து போனால் அவற்றில் ஒன்று காணாமல் போகும். முதலில் பூன போனது. சில மாதத்தில் தண்ணி போனது. எதையும் வரிசைப்படுத்தி வைத்துக்கொள்கிற புத்தி எனக்கு. இந்த வரிசை கண்முன்னாலேயே குறைந்துகொண்டு வந்தது. இதை நிறுத்தக்கூடிய டொக்டர் ஒருவர் வேண்டும். நிறுத்த முடியாவிட்டால் யாரிடம் போக வேண்டும் என்றாவது சொல்லக்கூடியவர் வேண்டும்.

மாமாவுக்கும் அதே தேடல்தான். பேத்தி என்றால் அவருக்கு உயிர். நான் வேலைக்குப் போகிற பகல் முழுவதும் அவர்தான் அவளைப் பார்த்துக்கொண்டார். சோற்றைப் பருப்போடு மசித்து, தொண்டையில் சிக்காத அளவுக்கு உருட்டி ஊட்டுவார். பின்னேரம் நான் வந்து செருப்பைக் கழற்றும்போதே, "எப்படி மாமா இருந்தா?" என்று கேட்பேன்.

"தங்கம் மாதிரி இருந்தாம்மா. நீ மொதல்ல தேத்தண்ணியக் குடி" என்பார்.

டொக்டரைத் தெரிவு செய்வதில் அவருக்கென்று சில அளவுகோல்கள் இருந்தன. வாகனம் பெரிதாக இருக்க வேண்டும். இங்கிலிஷ் பேச வேண்டும். எழுதுவது ஒருவருக்கும் விளங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வருகிறவர்களை நன்றாக ஏச வேண்டும். ஏசாத டொக்டருக்கு நோய் பிடிபடாது என்பது அவர் முடிவு. நான் கேட்டதோ வேறு. பிள்ளையின் முகத்தை ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்க்கிறவர், சொல்வதைப் பாதியில் வெட்டாதவர், தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவர். இதைச் சொன்னபோது மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

"தெரியாதுன்னு சொல்றதுக்கு டொக்டர் எதுக்கும்மா? அதுக்கு நானே போதுமே!"

அவருடைய அளவுகோலுக்கு முழுதாகப் பொருந்தியவர் ஹட்டன் டவுனில் மருந்து கொடுத்த ஒரு வயதான டொக்டர். கடை வீதிவரைக்கும் கேட்கிற குரல். நாங்கள் உள்ளே போனதும் பிள்ளைக்கு ஏன் குல்லா போட்டிருக்கிறது என்று ஏசினார். குல்லாவைக் கழற்றியதும் குளிருக்குள் ஏன் கழற்றினேன் என்று ஏசினார். நான் வேலைக்குப் போகிறேன் என்று தெரிந்ததும் அதற்குத் தனியாக ஒரு பாட்டம் ஏசினார். வருகிற எல்லாருக்கும் கொடுக்கிற அதே ரோஸ் நிற மருந்துப் போத்தலைக் கொடுத்து அனுப்பினார். வெளியே வந்த மாமாவின் முகம் தேர் பார்த்துவிட்டு வந்தவர் முகம் மாதிரி இருந்தது.

"பாத்தியா, என்னா ஏச்சு! இவருதாம்மா டொக்டரு."

"பிள்ளைய தொட்டே பாக்கலையே மாமா."

"தொட்டுப் பாக்குறவனுக்கு அனுபவம் பத்தாதும்மா."

கிளினிக் நாள் என்றால் எங்கள் வீட்டில் துரை வருகிற ஆயத்தம் நடக்கும். மதுஷாவுக்கு வெந்நீர்க் குளிப்பு, பவுடர், இரட்டைக் குடுமி, நீலச் சட்டை, வெள்ளைக் காலுறை. மாமாவுக்குக் கோட்டு, பளபளவென்று தேய்த்த சப்பாத்து, டொக்டருக்கென்று ஒரு பொட்டலம் நல்ல தேயிலைத் தூள். பஸ்ஸில் அவளை மடியில் போட்டு நன்றாகத் தூங்க வைப்பார். முறை வருவதற்குச் சற்று முன்னால் எழுப்பி, ஒரு பிஸ்கட் கொடுத்துச் சிரிக்க வைத்து உள்ளே தூக்கிக்கொண்டு போவார். பாதையோர நிரை ஆயத்தம்.

இதைவிட மோசமானது ஒன்று இருந்தது. ஒரு கிளினிக் நாள் காலையில் மதுஷாவுக்குத் தொடர்ந்து வலிப்பு வந்து, கண் சொருகிக் கிடந்தாள். நான் புறப்பட்டு வாசலில் நிற்கிறேன். மாமா கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார்.

"இன்னக்கி வேணாம்மா. புள்ள சரியில்ல. இந்தக் கோலத்துல எப்படி டொக்டர்கிட்ட காட்டுறது? சரியானதும் போவோம்."

"சரியாப் போனா எதுக்கு மாமா டொக்டரு?"

"நீ தராசு பாக்குற புள்ள. ஒனக்கு மனுசங்ககிட்ட பழக்கம் பத்தாது."

அன்று நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. ஓட்டோ பிடித்து நானே தூக்கிக்கொண்டு போனேன். அவரும் வந்து முன்னால் ஏறிக்கொண்டார். அதுதான் சிக்கல். அவரை விட்டுவிட்டுப் போக முடியாது, கூட்டிக்கொண்டு போகவும் முடியாது. அன்றைய டொக்டர் கேள்வி கேட்பதற்கு முன்பே மாமா கதவடியில் நின்று, "இப்ப தேவலீங்க!" என்று அறிவித்துவிட்டார்.

சனிக்கிழமைகளில் கொழும்பிலிருந்து ஒரு பெரிய டொக்டர் டவுனுக்கு வந்துகொண்டிருந்தார். அவரிடம் பல மாதம் போனோம். வாகனம் மாமாவுக்குத் திருப்தி. மேசை எங்கள் சமையலறை அளவு இருந்தது. டொக்டர் கணினித் திரையைப் பார்த்தபடியே கேட்பார்.

"எனி ஃபிட்ஸ்?"

"நோ சேர். வெரி குட் சேர்."

"ஈட்டிங்?"

"வெரி குட் சேர்."

ஒவ்வொரு தடவையும் நான் குறுக்கிட்டேன். "இல்ல டொக்டர், முந்தாநாளும் வந்துச்சு. இந்த போன்ல எடுத்து வச்சிருக்கேன், பாருங்க" என்று நீட்டினேன். டொக்டர் முதல் தடவையாகத் திரையிலிருந்து கண்ணை எடுத்து எங்களைப் பார்த்தார். ஒரு பக்கம் கோட்டுப் போட்டு இங்கிலிஷ் பேசுகிற பெரியவர். மறு பக்கம் வேலைச் சட்டையோடு வந்து நிற்கிற இளம் பெண். யாரை நம்புவது என்று முடிவு செய்ய அவருக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. கிளினிக் நேரத்தில் படம் பார்க்க முடியாது என்றார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், அன்பாகவே, "அம்மாமார் எப்பவும் பயம் கூட. தாத்தா சொல்றதுதானே, நல்லம்" என்றார். நீண்ட நாளாக வலிப்பு இல்லாத பிள்ளைக்கு மருந்தைக் கூட்டி வைத்திருக்கத் தேவையில்லை என்று அளவைக் குறைத்து எழுதினார்.

"மருந்து கொறஞ்சிருக்குன்னா என்னா அர்த்தம்? முன்னேத்தம்!" என்றார் மாமா.

நான் பழைய அளவையே கொடுப்பதென்று முடிவு செய்தேன். ஆனால் மருந்துக்கடையில் டொக்டர் துண்டில் எழுதிய அளவுக்குத்தான் கொடுத்தார்கள். கையில் இருந்தது தீர்ந்ததும் குறைந்த அளவில்தான் ஓட்ட வேண்டியிருந்தது. அடுத்த கிளினிக்குக்குப் போய்த் திரும்பும்போது பஸ்ஸில் கடுமையாக ஒரு வலிப்பு வந்தது. மாமா முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் இருந்தார். பாட்டுச் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. பேத்திக்கு மருந்து குறைந்த விசேஷத்தை டிரைவருக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். பின் சீற்றில் நான் மதுஷாவைச் சரித்துப் பிடித்துக்கொண்டிருக்க, சனம் சாவிக்கொத்துகளை நீட்டியது. "இரும்பக் குடும்மா, இரும்பக் குடு!" நீட்டிய கைகளையெல்லாம் தள்ளிவிட்டு ஜன்னலைத் திறந்தேன்.

மறுநாள் காலையில் அவளிடம் "அம்மா" இல்லை. நான் முகத்தைக் காட்டினேன், விரலால் என்னையே தொட்டுக் காட்டினேன். அவள் என் கம்மலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிஞ்சியிருந்தது "தாத்தா"வும் "போ"வும்தான்.

அன்று நான் சத்தம் போட்டேன். அந்த வீட்டில் அதற்கு முன்பு போட்டதில்லை.

"ஏன் மாமா அப்படி சொல்றீங்க? வலிப்பு இல்லன்னு எதுக்கு சொல்லணும்?"

"பெரிய மனுசன் ஒருத்தர் அக்கறையா கேக்குறாரு. மூஞ்சியில அடிச்ச மாதிரி மோசமுன்னா சொல்றது?"

"அந்த மூஞ்சிக்கு என்னா ஆகப்போகுது? இவளுக்கு அம்மான்னு சொல்ல வரல!"

அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார்.

தன் விஷயத்திலும் அவர் அப்படித்தான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். போன வருடம் அவருக்கு மாரடைப்பு வந்து வார்டில் படுத்திருந்தார். மூக்கில் குழாய், நெஞ்சு முழுக்க வயர். இளம் டொக்டர் ஒருவர் வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "நல்லா இருக்கேங்க டொக்டர். நீங்க சாப்பிட்டீங்களா?" என்றார். நல்ல வேளையாக அந்த டொக்டர் இவரை விட்டுவிட்டு மெஷினை நம்பினார். அதனால் அவர் இன்னும் சில மாதம் உயிரோடு இருந்தார். எனக்கு மெஷின்கள் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

"அம்மா" போன பிறகு நான் பெரிய மேசைக்காரர்களைக் கைவிட்டேன். என்னோடு வேலை செய்கிற பெண்ணொருத்தி ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியைச் சொன்னாள். செவ்வாய்க்கிழமைகளில் அங்கே குழந்தைகளைப் பார்க்க ஒரு பெண் டொக்டர் வருகிறாராம், யாழ்ப்பாணத்துக்காரராம், அவசரப்படுத்த மாட்டாராம். மாமா முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தார். போய்ப் பார்த்தால் டொக்டருக்கு என் வயதுதான் இருக்கும். காலில் ரப்பர் செருப்பு. ஒரு தாய் போய் அடுத்தவர் உள்ளே போகும் முன், நின்றபடியே ஒரு வாழைப்பழத்தை உரித்துச் சாப்பிட்டார்.

மாமா என் காதில், "இது டொக்டரா? ஊசி போடுற மிஸ்ஸின்னுல்ல நெனச்சேன்" என்றார். "ஏசக்கூட தெரியாது போலருக்கு."

எங்கள் முறை வந்தது. மாமா தேயிலைப் பொட்டலத்தை நீட்டினார்.

"ஐயோ, நன்றி ஐயா. அந்த அலுமாரிக்கு மேல வையுங்கோ, வாற ஆக்களுக்கும் ஊத்திக் குடுக்கலாம்" என்றார் டொக்டர். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை.

அடுத்து நடந்தது அவருக்கு இன்னும் பிடிக்கவில்லை. டொக்டர் மேசையை விட்டு எழுந்து வந்து, மதுஷாவின் கால்களைப் பார்ப்பதற்காகத் தரையில் விரித்திருந்த பாயில் உட்கார்ந்துவிட்டார். மதுஷாவையும் பக்கத்தில் இருத்திக்கொண்டார். மாமா திணறிப்போனார். டொக்டரைவிட உயரத்தில் தலை இருப்பது அவர் வாழ்க்கையில் நடந்ததில்லை. கொஞ்சம் குனிந்தார். அது போதவில்லை. இன்னும் குனிந்தார். கடைசியில் கோட்டும் சப்பாத்துமாகத் தரையில் உட்கார்ந்து, கக்கத்தில் இருந்த தொப்பியைச் சரிசெய்துகொண்டார். நான் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். அந்த அறையிலேயே உயரமானவள் நான்தான்.

"பிள்ளை எப்பிடி இருக்கிறா, ஐயா?"

"ரொம்ப நல்லா இருக்குங்க டொக்டர். வலிப்பெல்லாம் இப்ப..."

மதுஷாவின் கண்கள் கூரை மூலைக்குப் போயின. இடது கை விறைத்தது. நான் குனிவதற்குள் மாமாவின் கைகள் அவளிடம் போய்விட்டன. ஒரு கை அவள் தலைக்குப் பின்னால் போய்ப் பாயில் இடிக்காமல் தாங்கியது. மறு கை தொப்பியை எடுத்து அடியில் வைத்தது. அவளை இடப்பக்கமாகச் சரித்தார். கழுத்து நாடாவை ஒரே இழுப்பில் அவிழ்த்தார். குத்திவிடாமல் குடுமியில் இருந்த கிளிப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டார். கோட்டு நுனியால் வாயோரத்து நுரையைத் துடைத்தார். பிறகு உள்ளங்கையை விரித்து அவள் முதுகில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

இவ்வளவு நேரமும் அவர் வாய் நிற்கவில்லை.

"...இப்ப கிட்டவே வாறதில்லீங்க. சாப்பாடு நல்லா சாப்பிடுது. தூக்கம் நல்லாத் தூங்குது. எல்லாம் நல்லா இருக்குங்க, டொக்டர்."

டொக்டர் பிள்ளையைப் பார்த்தார், பிறகு அந்தக் கைகளைப் பார்த்தார். சிரிக்கவில்லை. பொய் சொல்கிறீர்களே என்று கேட்கவும் இல்லை. வலிப்பு அடங்கி மதுஷா மூச்சை இழுத்து விட்டதும், காய்கறிக் கடையில் விலை கேட்கிற குரலில் கேட்டார்.

"இது சின்னனோ ஐயா, பெரிசோ?"

"சின்னதுங்க" என்றார் மாமா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு விளங்கியது.

"அப்ப பெரிசு எப்பிடி வரும்?"

மாமா என்னைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"பெருசு வேற மாதிரிங்க. அதுக்கு மொதல்ல வாய சப்புக்கொட்டும். பால் குடிச்ச கையோட வாறதுதான் மோசம். இன்னொன்னு இருக்கு, அது தல மட்டும் தொங்கித் தொங்கி விழும், தூங்கி விழுற மாதிரி. அது தொடர்ச்சியா வரும், எண்ண முடியாது. வெயில் ஜன்னல் கம்பியில பட்டு அடிச்சா அது வருதுங்க, அதுனால அந்த ஜன்னல சாக்கு வச்சு மறச்சிருக்கேன். மத்தியானத்துல ஒண்ணு வந்தா ராத்திரி கம்மி. மத்தியானம் வரலன்னா ராத்திரி விடாது..."

அவர் பேசிக்கொண்டே போனார். டொக்டர் பாயில் இருந்தபடியே தொடையில் தாளை வைத்து எழுதிக்கொண்டே போனார். நான் நின்று கேட்டேன். அதில் பாதி எனக்குத் தெரியாது. இரவும் ஞாயிற்றுக்கிழமையும்தான் எனக்குத் தெரிந்த வலிப்புகள். சாக்குப் போட்ட ஜன்னலைக் குளிருக்கு மறைத்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன். தங்கம் மாதிரி இருந்த பகல்களெல்லாம் இப்படித்தான் இருந்திருக்கின்றன.

"இவ்வளவும் தெரிஞ்சுகொண்டு ஏன் ஐயா ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை?"

மாமா தொப்பியின் ஓரத்தை விரலால் நீவினார். மதுஷாவின் தலை இன்னும் அதில்தான் இருந்தது.

"மோசமுன்னு நான் எழுதிக் குடுத்த மலை எதையும் எந்தத் தொரையும் திருத்துனதில்லீங்க, டொக்டர். மூடித்தான் போட்டாங்க. ஆளுங்கள வேற மலைக்கு அனுப்பிட்டு, அத அப்படியே மானா மண்ட விட்டுட்டாங்க. நல்லா இருக்குன்னு சொன்ன மலைக்குத்தான் உரம் வரும்." குரல் இறங்கியது. "இதுவும் தேறாதுன்னு எழுதிட்டீங்கன்னா, அப்புறம் யாரு பாப்பாங்க?"

வெளியே ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது.

"நான் துரை இல்லை ஐயா" என்றார் டொக்டர். "எனக்குச் சம்பளமே மோசமான பிள்ளையளைப் பாக்கிறதுக்குத்தான். இது என்ன வலிப்பு எண்டு எனக்கு நிச்சயமாத் தெரியேல்லை. தெரிஞ்ச ஆள் கண்டியில இருக்கிறா, நான் இப்பவே கதைக்கிறன்."

தெரியாது என்று சொல்லிவிட்டார். மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. டொக்டர் எங்கள் முன்னாலேயே போனில் பேசினார். மாமா சொன்ன அதே வார்த்தைகளில், பால் குடித்த கையோடு வருவதையும் ஜன்னல் கம்பியையும் அந்தப் பக்கத்துக்குச் சொன்னார். மருந்தின் அளவைப் பழையபடி கூட்டி எழுதினார். அடுத்த செவ்வாய்க்கிழமை தன்னிடம் வந்துவிட்டு, அதே வாரம் கண்டிக்குப் போக வேண்டும் என்றார்.

"இன்னொண்டு ஐயா. வரேக்க பிள்ளையைச் சோடிச்சுக் கொண்டு வரவேண்டாம். வீட்டில எப்பிடி இருக்கிறாவோ அப்பிடியே கொண்டு வாங்கோ."

"குளிப்பாட்டாமயா?" என்று மாமா அலறினார்.

கண்டியில் வலிப்பின் பெயர் தெரிந்தது. மருந்து மாறியது. வலிப்பு நிற்கவில்லை, குறைந்தது. "அம்மா" திரும்பி வர அடுத்த வருடம் ஆனது, "பூன" இன்னும் வரவில்லை. இடையில் எத்தனையோ தடவை அந்தப் பெண் டொக்டரின் பாயில் உட்கார்ந்திருக்கிறோம். அவர் மாற்றலாகிப் போன பிறகும் அவர் எழுதி வைத்ததைப் பார்த்துத்தான் அடுத்தவர்கள் தொடர்ந்தார்கள்.

அந்த முதல் செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது மதுஷா மாமாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் கேட்டேன்.

"அவங்ககிட்டதான் சொல்லல. எனக்கு ஏன் மாமா சொல்லல?"

"சொல்லியிருந்தா?"

"வேலைய விட்டுட்டு வந்து அவ பக்கத்துலயே உக்காந்திருப்பேன்."

"அதான்" என்றார். பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினார். "படிச்சவ ஒருத்தி சம்பளம் எடுக்கிற வீடும்மா இது. நானே பாத்துக்கலாமுன்னு நெனச்சேன்."

எனக்குக் கோபமாகத்தான் இருந்தது. அது போக நாளாயிற்று. அவரோடு ஒரே ஓட்டோவில் ஏறி உட்காரவும் வேண்டியிருந்தது. டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, நாங்கள் எதற்கு வந்தோம் என்று ஊகித்துக்கொண்டார்.

"அந்த யாழ்ப்பாணத்து டொக்டரம்மாகிட்டயா பெரியவரே? எப்படி, நல்ல டொக்டரா?"

மாமா கோட்டு நுனியில் காய்ந்திருந்த நுரையை நகத்தால் சுரண்டினார்.

"ரொம்ப மோசம்" என்றார் பிறகு. "எல்லாத்தையும் கேட்டுப்புடுது. செவ்வாக்கெழம காலையிலயே வந்துரு தம்பி, திரும்பவும் போகணும்."